புளூ டோபாஸ் எப்படி நீலமாகிறது?

அக்கா மகள் தன் முதல் சம்பளத்தில் ஒரு வெள்ளி மோதிரம் வாங்கிக்கொண்டாள். நடுவில் வெளிர்நீலக் கல். "ஒரிஜினல் புளூ டோபாஸ்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்த அன்றே மூன்று தீர்ப்புகள் விழுந்தன. "இந்த விலைக்கு ஒரிஜினலா? சாயம் ஏத்தின கண்ணாடிடி" என்றார் அம்மா. அத்தான் கைபேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "இதை அணு உலைக்குள்ள வெச்சு எடுக்கிறாங்களாம், கழட்டி வைம்மா மொதல்ல" என்றார். அவளுடைய தோழியோ நீலக்கல் சனிக்கு உரியது, ஜாதகம் பார்க்காமல் போடாதே என்று செய்தி அனுப்பியிருந்தாள். "சித்தி, நீயாவது ஒழுங்கா சொல்லு" என்று மோதிரம் என் கைக்கு வந்தது.

அம்மா சொன்னது தவறு. தோழி பயந்த நீலக்கல் இது இல்லை. அத்தான் படித்த செய்தியில் உண்மை உண்டு, ஆனால் அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவு சரியில்லை. இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றில் ஏதோ ஒரு இடத்தில்தான் நிற்கிறார்கள். விற்கிறவர்களும் அதில் அடக்கம். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எந்தக் கல்?

டோபாஸ் ஒரு கனிமம். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், புளூரின் ஆகியவை சேர்ந்து உருவானது. பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறி இறுகும்போது, புளூரினும் நீரும் செறிந்த ஒரு பகுதி கடைசியாக மிஞ்சும். அந்த எச்சத்தில்தான் டோபாஸ் நிதானமாக வளர்கிறது. பிரேசில், நைஜீரியா, பாகிஸ்தான், ரஷ்யா எனப் பல நாடுகளில் கிடைக்கிறது. இலங்கையில் மாத்தளைக்கு அருகே இரத்தோட்டைப் பகுதியிலும் உண்டு.

பெயரில்தான் பெரிய குழப்பம். அகராதியைத் திறந்தால் டோபாஸ் என்பதற்கு புஷ்பராகம் என்று இருக்கும். ஆனால் ராசிக்கல் கடையில் கனக புஷ்பராகம் கேட்டால் எடுத்து வைப்பது மஞ்சள் சஃபையர். அது குருந்தம் என்ற வேறொரு கனிமக் குடும்பம். நவரத்தினத்தில் வரும் நீலமும் அதே குருந்தம்தான். அதாவது ராசிக்கல் கடையின் நீலமும் கனக புஷ்பராகமும் உடன்பிறந்தவை; டோபாஸ் அந்த வீட்டுப் பிள்ளையே கிடையாது. அக்கா மகளின் தோழி இதைக் கேட்டு நிம்மதி அடைந்தாளா, ஏமாற்றம் அடைந்தாளா தெரியவில்லை.

நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. டோபாஸ் என்ற பெயரே செங்கடலில் இருக்கும் ஒரு தீவின் பழைய கிரேக்கப் பெயரான டோபாசியோஸ் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தீவில் தோண்டி எடுத்த பச்சைக் கல் பெரிடாட். டோபாஸ் அங்கே இல்லை. பெயர் பிறந்த இடத்திலேயே ஆள்மாறாட்டம்.

சரி, நமக்கு வேண்டிய முக்கியச் செய்தி இதுதான்: மண்ணிலிருந்து வரும் டோபாஸில் பெரும்பகுதிக்கு நிறமே இல்லை. பட்டை தீட்டினால் தண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். இயற்கையிலேயே நீலமான டோபாஸும் உண்டு. ரஷ்யாவின் உரால் மலைப்பகுதி, உக்ரைனின் வொலின், ஜிம்பாப்வே ஆகிய இடங்களில் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மேசன் என்ற மாவட்டத்தில் கிடைப்பதால், 1969இல் அதையே மாநில ரத்தினமாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் இயற்கை நீலம் அபூர்வம், அதோடு பெரும்பாலும் மிக வெளிறியது. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால்தான் நீலம் என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பளிச்சென்று மின்னும் நீலம் ஏறக்குறைய முழுவதும் மனிதன் தலையிட்டு வரவழைத்தது.

எப்படி வரவழைக்கிறார்கள் என்பதற்கு முன்னால், ஒரு கல்லுக்கு நிறம் என்று ஒன்று எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

பிடித்து வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும்

காபி பில்டரில் தூள் மேலே நின்றுவிடுகிறது, டிகாக்‌ஷன் கீழே இறங்குகிறது. கல்லும் வெளிச்சத்தை இப்படித்தான் வடிகட்டுகிறது. சூரிய வெளிச்சத்தில் வானவில்லின் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. ஒரு கல் அதில் எதையும் பிடித்து வைக்காமல் அப்படியே விட்டுவிட்டால் அது நிறமற்றதாகத் தெரியும். சிவப்பையும் ஆரஞ்சையும் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டால், மிஞ்சி வருவது நம் கண்ணுக்கு நீலம்.

ஆக, கல்லின் நிறம் என்பது அதற்குள் ஊற்றி வைத்த ஏதோ ஒரு சாயம் என்று நினைக்கத் தேவையில்லை. வெளிச்சத்தின் ஒரு பகுதியைப் பிடிக்கக்கூடிய ஏதோ ஒன்று உள்ளே இருந்தால் போதும்.

பல ரத்தினங்களில் அந்த ஏதோ ஒன்று, வளரும்போது துளியளவு உள்ளே புகுந்துகொண்ட வேறொரு உலோகம். மாணிக்கத்துக்குச் சிவப்பு தருவது குரோமியம். நவரத்தினத்து நீலக்கல்லுக்கு இரும்பும் டைட்டானியமும். அக்வாமரின் என்ற கடல்நீலக் கல்லுக்கு இரும்பு. நீல டோபாஸைப் பார்க்கிறவர்களும் அதே மாதிரி உள்ளே ஏதோ கலந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். இங்கே நீலத்துக்காக எதையும் கலக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸில் நிற்பவர்

டோபாஸ் ஒரு படிகம். அதாவது அதன் அணுக்கள் கோலத்தின் புள்ளி வரிசை போல, ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அணுவிலும் எலக்ட்ரான்கள் என்ற மிகச் சிறிய துகள்கள் உண்டு. அவைதான் ஓர் அணுவை இன்னொன்றோடு பிணைக்கின்றன.

இந்தப் படிகத்தை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இருக்கையும் நிறைந்திருக்கிறது, ஆனால் நிற்பவர் யாரும் இல்லை. பயணிகள்தான் எலக்ட்ரான்கள். ஓட்டுநர் லேசாக பிரேக் போடுகிறார். உட்கார்ந்திருப்பவர்கள் அசைவதே இல்லை. அந்தச் சிறு குலுக்கல் அவர்களை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அந்தச் சிறு குலுக்கல் போன்றது. அழுந்தி உட்கார்ந்த எலக்ட்ரானை அசைக்கும் வலு அதற்கு இல்லை. யாரும் அசையாததால் வெளிச்சத்தின் ஆற்றலை யாரும் வாங்கிக்கொள்வதில்லை. வெளிச்சம் அப்படியே கடந்துபோகிறது. கல் நிறமற்றது.

இப்போது பெரிய பள்ளம் ஒன்றில் பஸ் இறங்கி ஏறுகிறது. சிலர் இருக்கையிலிருந்து தூக்கியடிக்கப்பட்டு நடைபாதையில் போய் விழுகிறார்கள். எழுந்து, ஏதோ ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த இருக்கை காலியாகக் கிடக்கிறது. இனி லேசான பிரேக்குக்கே நிற்பவர் ஓரடி முன்னால் போவார்; காலி இருக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர் அங்கே நகர்ந்துகொள்வார். முன்பு யாரையும் அசைக்காத அதே குலுக்கல் இப்போது சிலரை அசைக்கிறது.

படிகத்திலும் இதுதான் நடக்கிறது. இடம்பெயர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியை விழுங்கத் தொடங்கிவிடுகின்றன. இப்படி வெளிச்சத்தைப் பிடிக்கும் இடத்துக்கு நிறமையம் என்று பெயர். டோபாஸில் ஒருவகை நிறமையங்கள் சிவப்பு, ஆரஞ்சு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகின்றன. வேறுவகை நிறமையங்கள் நீலத்தைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பழுப்பாகவோ மஞ்சளாகவோ காட்டுகின்றன. இந்த இரண்டாவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் அதோடு வேலை இருக்கிறது.

இதுவரை வந்தது: டோபாஸ் இயல்பில் நிறமற்றது. எலக்ட்ரான்கள் இடம் மாறினால் அது வெளிச்சத்தின் ஒரு பகுதியைப் பிடிக்கத் தொடங்கும். நீலத்துக்காக வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை.

அந்தப் பள்ளத்தை முதலில் போட்டது பூமி

எலக்ட்ரானைத் தூக்கியடிக்கும் வலுவான அடி எங்கிருந்து வரும்? கதிர்வீச்சிலிருந்து. கதிர்வீச்சு என்றால் ஓரிடத்திலிருந்து கிளம்பிப் பாயும் ஆற்றல். அடுப்பின் அனல்கூட அதில் ஒருவகைதான். நமக்கு வேண்டியது அதைவிடப் பல மடங்கு வலுவான வகை.

கிரானைட் பாறையில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் உண்டு. அவற்றிலிருந்து கதிர்கள் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும் ஸ்படிகத்தின் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து, தெளிந்த கல் புகை படிந்தது போல மாறிவிடும். புகை ஸ்படிகம் என்று விற்கிறார்களே, அந்தப் பழுப்பு அப்படித்தான் வந்தது. இயற்கை நீல டோபாஸும் இதே முறையில் நீலமானதுதான் என்று கருதுகிறார்கள்.

பூமி அவசரப்படாமல் செய்ததை மனிதன் சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ செய்கிறான்.

பழுப்பாக வெளியே வரும் கல்

ரத்தினத்தைக் கதிர்வீச்சில் வைத்து நிறம் மாற்றும் ஆசை பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வைரத்தை ரேடியம் உப்புக்குள் புதைத்து வைத்துப் பச்சையாக்கினார். அந்த வைரம் இன்றுவரை கதிரியக்கத்தோடு இருக்கிறது. அத்தானின் பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். யாரும் இப்போது அந்த முறையைப் பயன்படுத்துவதில்லை.

டோபாஸ் நீலமாகும் என்பது 1950களிலேயே தெரியும் என்றாலும், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கர்ட் நாசாவ் 1970களின் நடுவில் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நிறமற்ற டோபாஸில் காமா கதிரைச் செலுத்த வேண்டும். காமா கதிர் என்பது வெளிச்சத்தின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் கல்லையே ஊடுருவிப் போகும் ஆற்றல் உடையது. அதற்குப் பிறகு மிதமாகச் சூடாக்க வேண்டும். அவ்வளவுதான் செய்முறை. நிறமில்லாத டோபாஸ் மலிவாகக் கொட்டிக் கிடந்தது. எப்படி நீலமாக்குவது என்பதும் தெரிந்துவிட்டது. அபூர்வமாக இருந்த நீலக் கல் சந்தையில் குவிந்து, விலை தரைக்கு வந்தது. "இந்த விலைக்கு ஒரிஜினலா" என்று அம்மா கேட்டதற்கான பதில் இந்தக் கதையில்தான் இருக்கிறது: மலிவாக இருப்பதற்குக் காரணம் கல் போலி என்பதல்ல, கல் ஏராளம் என்பது.

அப்புறம் ஏன் சூடாக்க வேண்டும்? காமா கதிரில் இருந்து வெளியே எடுக்கும்போது கல் நீலமாக வருவதில்லை. அழுக்குப் பழுப்பாக, சில சமயம் பச்சை கலந்து வரும். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பழுப்பு நிறமையங்கள்தான் இதற்குக் காரணம். நீலமும் பழுப்பும் ஒரே நேரத்தில் உருவாகிவிடுகின்றன. பழுப்பு நீலத்தை மூடிவிடுகிறது.

மறுபடி பஸ்ஸுக்கு வருவோம். தூக்கியடிக்கப்பட்டவர்களில் சிலர் தங்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே தடுமாறி நிற்கிறார்கள். பஸ் கொஞ்சம் ஆடினால் போதும், சரிந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வேறு சிலர் பின்பக்கம் மூலையில் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை அசைக்க இன்னும் பெரிய ஆட்டம் வேண்டும். பழுப்பு நிறமையங்கள் முதல் ரகம், நீல நிறமையங்கள் இரண்டாம் ரகம். வெப்பம் என்பது அணுக்களின் ஆட்டம்தான். பிஸ்கட் சுடும் அடுப்பின் சூடு, அதாவது 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்தால் பழுப்புக்காரர்கள் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீலக்காரர்கள் நின்றபடியே இருக்கிறார்கள். கல் நீலமாகத் தெரிகிறது.

எல்லா டோபாஸும் இதற்கு ஒத்துழைக்காது. ஒரு சுரங்கத்துக் கல் அழகாக நீலமாகும். இன்னொரு சுரங்கத்துக் கல் பழுப்போடு நின்று, சூடாக்கியதும் பழையபடி வெளுத்துவிடும். ஒரே அளவு உளுந்தும் அரிசியும் போட்டும் சில நாள் மாவு பொங்காதே, அது மாதிரி. வளர்ந்த இடத்தில் உள்ளே சேர்ந்த நுண்ணிய மாசுகளைப் பொறுத்தது அது.

ஸ்கை, சுவிஸ், லண்டன்

கடையில் மூன்று பெயர்கள் சொல்வார்கள். ஸ்கை புளூ வெளிர்நீலம். சுவிஸ் புளூ பளிச்சென்ற நீலம். லண்டன் புளூ மை போல் இருண்ட, லேசாகச் சாம்பல் கலந்த நீலம். சுவிட்சர்லாந்துக்கும் லண்டனுக்கும் இந்தக் கற்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை; வியாபாரத்துக்கு வைத்த பெயர்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் எந்த வகை அடி விழுந்தது என்ற வேறுபாடு பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

ஸ்கை புளூவுக்குப் பெரும்பாலும் எலக்ட்ரான் முடுக்கி பயன்படுகிறது. எலக்ட்ரான்களை மின்புலத்தால் விரட்டி வேகமெடுக்க வைத்துக் கல்லின் மேல் பாய்ச்சும் கருவி அது. காமா கதிரைவிட வேகமாக வேலை முடியும். கல் சூடேறி விரிசல் விடாமல் இருக்கத் தண்ணீர் பாய்ச்சிக் குளிர வைத்துக்கொண்டே செய்வார்கள். பிறகு பழுப்பைப் போக்கச் சூடாக்குவார்கள்.

லண்டன் புளூவுக்கு அணு உலை. அங்கே அடிப்பது நியூட்ரான், அதாவது அணுவின் நடுக்கருவில் இருக்கும், மின்னேற்றம் இல்லாத துகள். இது எலக்ட்ரானைவிடச் சுமார் 1,800 மடங்கு கனமானது. பஸ் பள்ளத்தில் இறங்கியது போதாதென்று லாரி வந்து மோதினால் எப்படி இருக்கும்? பயணிகள் மட்டுமா விழுவார்கள், இருக்கைகளே பெயர்ந்துவிடும். நியூட்ரான் மோதும்போது எலக்ட்ரான்கள் மட்டும் அல்லாமல் அணுக்களே அடுக்கிலிருந்து நகர்கின்றன. குறைகள் அதிகம், நிறமும் அடர்த்தி. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உலையில் இப்படி டோபாஸ் கற்களைக் கதிரூட்டியிருக்கிறார்கள். மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்கள் இல்லை இவை. ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் உள்ள சிறிய உலைகள்.

சுவிஸ் புளூ பெரும்பாலும் இரண்டின் கலவை. முதலில் உலை, பிறகு முடுக்கி, கடைசியில் சூடு.

சுருக்கமாக: அடி விழுந்து எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன, நீலமும் பழுப்பும் பிறக்கின்றன, மிதமான சூடு பழுப்பை மட்டும் விரட்டுகிறது. லண்டன் புளூ என்றால் அநேகமாக அது உலைக்குள் போய்வந்த கல்.

அப்படியென்றால் மோதிரம் கதிர் விடுமா?

அத்தானின் கேள்விக்கு வந்துவிட்டோம். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கதிர்வீச்சு என்னவென்று மேலே பார்த்தோம். கதிரியக்கம் என்பது ஒரு பொருளின் அணுக்கருவே நிலையில்லாமல் இருந்து, தானாகக் கதிர்களை வெளியே விடும் குணம். கதிர்வீச்சு பட்ட பொருளெல்லாம் கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது. சுவரில் டார்ச் அடிக்கிறோம். டார்ச்சை அணைத்த பிறகு சுவர் தானாக ஒளிவிடுகிறதா?

காமா கதிர் அந்த டார்ச் மாதிரி. இந்தக் கல்லுக்குப் பயன்படும் காமா கதிர் பெரும்பாலும் கோபால்ட்-60 என்ற பொருளிலிருந்து வருவது. அதன் கதிர் எலக்ட்ரான்களைத்தான் தள்ளுகிறது. அணுக்கருவை மாற்றும் வலு அதற்கு இல்லை. நாம் ஊசி போட்டுக்கொள்ளும் சிரிஞ்சுகளில் பலவற்றை இதே கதிரால்தான் கிருமி நீக்குகிறார்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு 2007 முதல் ஏற்றுமதியாகும் மாம்பழங்களும் கதிரூட்டப்பட்டே போகின்றன. அந்தப் பழத்தைச் சாப்பிட்டவர்கள் யாரும் இருட்டில் மின்னவில்லை.

எலக்ட்ரான் முடுக்கியில் ஆற்றலை மிக அதிகமாக வைத்தால் சிறிதளவு கதிரியக்கம் உருவாகலாம். பெரும்பாலும் சீக்கிரம் தணிந்துவிடும் ரகம்.

உண்மையான கவனம் தேவைப்படுவது நியூட்ரான் விஷயத்தில். ஜமுக்காளத்தைத் தடியால் அடித்தால் தடி உள்ளே தங்காது. அதே ஜமுக்காளத்தின் மேல் மணலை வாரி வீசினால்? கொஞ்சம் மணல் நூலிடுக்கில் தங்கிவிடும். வேகம் குறைந்த நியூட்ரான் அந்த மணல். சில அணுக்களின் கருவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, அந்த அணுவைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றிவிடும். டோபாஸின் முக்கியக் கூறுகளான அலுமினியம், சிலிக்கான் முதலியவை இதில் பெரிய தொல்லை தருவதில்லை. அவற்றில் உருவாகும் கதிரியக்கம் சீக்கிரமே அடங்கிவிடும். தொல்லை தருவது உள்ளே துளித்துளியாக ஒளிந்திருக்கும் டான்டலம், ஸ்காண்டியம் போன்ற மாசுகள். இதைக் குறைக்க, வேகம் குறைந்த நியூட்ரான்களை விழுங்கிவிடும் போரான் அல்லது காட்மியம் உறைக்குள் கற்களை வைத்து உலைக்குள் இறக்குவார்கள். ஆனாலும் கொஞ்சம் மிஞ்சும்.

மிஞ்சுவதற்கு மருந்து காத்திருப்புதான். கதிரியக்கப் பொருளின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். ஸ்காண்டியம்-46க்கு அரை ஆயுள் சுமார் 84 நாள், டான்டலம்-182க்கு சுமார் 114 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டான்டலம் 114 நாளில் பாதி, 228 நாளில் கால், 342 நாளில் அரைக்கால். ஒரு வருடம் பூட்டி வைத்தால் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஸ்காண்டியம் அதே ஒரு வருடத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் உலையிலிருந்து வரும் கற்களைப் பல மாதங்கள், சில சமயம் இரண்டு வருடம்கூடப் பெட்டியில் பூட்டி வைத்து, அளந்து பார்த்து, வரம்புக்குக் கீழே வந்த பிறகே வெளியே விட வேண்டும்.

அமெரிக்காவில் உலையில் கதிரூட்டிய கற்களை முதலில் சந்தைக்கு விடுபவர் அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2007இல் இந்த உரிம விஷயம் பெரிதாகப் பேசப்பட்டபோது சில பெரிய கடைகள் நீல டோபாஸைக் கொஞ்ச காலம் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன. 'புளூ டோபாஸ் ஆபத்து' என்று கைபேசியில் சுற்றும் செய்திகளில் அந்தப் பரபரப்பின் மிச்சம் நிறைய இருக்கிறது. கல்லால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததால் எழுந்த பிரச்சினை அல்ல அது. அளந்து சான்று சொல்ல வேண்டியவர்களிடம் உரிமம் இல்லாததால் வந்த பிரச்சினை.

என் கருத்தைக் கேட்டால்: ஒழுங்கான வழியில் சந்தைக்கு வந்த நீல டோபாஸைப் போட்டுக்கொள்ளப் பயப்பட ஒன்றுமில்லை. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத, அசாதாரணமாக மலிவான லண்டன் புளூ என்றால், வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்பேன்.

இந்தப் பகுதியின் சாரம்: காமா கதிர் கல்லில் கதிரியக்கத்தை விட்டுச்செல்வதில்லை, நியூட்ரான் கொஞ்சம் விட்டுச்செல்லும், அது நாளாக ஆகத் தேய்ந்துவிடும், தேய்ந்துவிட்டதா என்று அளந்து பார்த்திருக்க வேண்டும்.

சரி, இது ஒரிஜினலா?

இந்தச் சொல்லில்தான் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள். கல் ஒரிஜினல், மண்ணிலிருந்து வந்த டோபாஸ். நிறம் மனிதன் கொடுத்தது. "ஒரிஜினல் டோபாஸ்" என்றால் பொய் இல்லை. "இயற்கை நீலம்" என்றால் அநேகமாகப் பொய், அல்லது சொல்பவருக்கே தெரியவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா? கண்ணாடியா டோபாஸா என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஒளி வளையும் அளவும் எடையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பூமி நீலமாக்கியதா, முடுக்கி நீலமாக்கியதா என்பதை வழக்கமான சோதனைகளால் பிரிக்க முடியாது. இரண்டிலும் இடம் மாறியிருப்பது அதே எலக்ட்ரான்கள்தானே? அதனால் அடர்ந்த நீல டோபாஸ் என்றாலே கதிரூட்டியது என்று எடுத்துக்கொள்வதுதான் ரத்தினத் தொழிலின் நடைமுறை.

சாயம் என்று அம்மா சொன்னதற்கு ஓரளவு பொருந்தும் ஒரு கல்லும் சந்தையில் உண்டு. மிஸ்டிக் டோபாஸ் என்று வானவில் நிறத்தில் மின்னும். டோபாஸின் மேற்பரப்பில் மிக மெல்லிய உலோகப் படலம் பூசி அந்த மினுமினுப்பை வரவழைக்கிறார்கள். அந்தப் படலம் கீறினால் போய்விடும். கதிரூட்டிய நீலம் கல்லின் உடம்பு முழுக்க இருப்பதால், கீறினாலும் மறுபடி பட்டை தீட்டினாலும் போகாது. சூரிய வெளிச்சத்திலும் வெளுக்காது. சூடாக்காமல் விட்ட பழுப்பு டோபாஸ்தான் ஜன்னலோரம் வைத்தால் மங்கிப்போகும். அதன் பயணிகள் இருக்கைக்குப் பக்கத்திலேயே நிற்பவர்கள் ஆயிற்றே.

போட்டுக்கொள்பவர்களுக்கு

கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் டோபாஸ் 8. தெருத்தூசியில் கலந்திருக்கும் மணல் 7. எனவே தினமும் போட்டாலும் சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் கீறாத கல் உடையாது என்று நினைத்துவிடக் கூடாது. விறகை நார்வாக்கில் போட்டால் ஒரே போடில் பிளந்துவிடும் இல்லையா? டோபாஸுக்கும் அப்படி ஒரு வாக்கு உண்டு. அந்தத் திசையில் சரியாக அடி விழுந்தால் வழுவழுப்பாக இரண்டாகிவிடும். பாத்திரம் துலக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வைப்பது நல்லது. நகைக்கடைகளில் அதிர்வு வைத்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போடாமல், சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்து வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம்.

இன்னொன்று, சூடு. பழுப்பை விரட்டிய சூட்டுக்கு நீலம் அசையவில்லை. ஆனால் அதைவிடச் சில நூறு டிகிரி மேலே போனால் மூலையில் சிக்கியிருந்தவர்களும் அவரவர் இருக்கைக்குத் திரும்பிவிடுவார்கள். கல் மறுபடி தண்ணீர்த் துளி ஆகிவிடும். அன்றாட வாழ்க்கையில் அந்தச் சூடு கைக்கு வராது, வந்தால் மோதிரத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நாம் இருக்க மாட்டோம். நகை வேலை செய்யுமிடத்தில்தான் அந்த ஆபத்து. வெள்ளியைப் பற்றவைக்க 600 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கும்.

அக்கா மகளின் மோதிரம் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அளவு குறைக்க எங்கள் தெருமுனை ஆசாரியிடம் போனோம். இவ்வளவையும் விளக்கிவிட வேண்டும் என்ற உற்சாகத்தில் நான் ஆரம்பிப்பதற்குள், அவர் கல்லைப் பிடித்திருந்த கம்பிகளை இடுக்கியால் நிமிர்த்தி, கல்லைக் கழற்றி ஒரு தாளில் மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டார். "நெருப்புக்கு இது ஆகாதும்மா. ஒரு தடவை வெள்ளையாப் போயி, பார்ட்டிகிட்ட நான்தான் பேச்சு வாங்கினேன்."